ஜெராக்ஸ் கடைக்காரி வேட்பாளரானால்: கடலூரில் என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கடலூர் மாநகராட்சிக்குப் போன தேர்தல் 2022 பிப்ரவரி 19-ல் நடந்தது. கவுன்சிலர் பதவிக்காலம் ஐந்து ஆண்டு. அடுத்த தேர்தலில் எங்கள் வார்டில் சுயேச்சையாக நிற்கிறேன் என்று சொன்ன நாளிலிருந்து, கடைக்கு வருகிறவர்கள் எத்தனை காப்பி வேண்டும் என்று சொல்வதற்கு முன்னால் கேள்வியைத்தான் கேட்கிறார்கள். ஒரே பதிலைச் சொல்லிச் சொல்லித் தொண்டை வறண்டுபோனதால் எழுதிவிட்டேன். கேள்விகளைக் கூடியவரை கேட்டவர்கள் கேட்டபடியே போட்டிருக்கிறேன். ஒன்றிரண்டு கொஞ்சம் காரமாக இருக்கும், பரவாயில்லை.

நீங்க யாரு? எந்தக் கட்சி?

கட்சி எதுவும் இல்லை. மஞ்சக்குப்பத்தில் சின்னதாக ஒரு ஜெராக்ஸ் கடை. ஒரு மிஷின், ஒரு கம்ப்யூட்டர், லேமினேஷன் பெட்டி, தலைக்கு மேல் கரகரவென்று சுற்றும் ஒரு ஃபேன். காப்பி எடுப்பது பாதி வேலைதான். மனு எழுதுவதும் விண்ணப்பம் நிரப்புவதும் மீதிப் பாதி. வருமானச் சான்று, சாதிச் சான்று, முதியோர் உதவித்தொகை, பட்டா மாறுதல் என்று ஒரு குடும்பம் நடக்க என்னென்ன தாள் வேண்டுமோ அத்தனையும் என் மேஜை வழியாகப் போயிருக்கிறது. அரசியல் நான் படித்தது அந்த மேஜையில்தான்.

பிறந்தது முதுநகர். சுதந்திரப் போராட்டத்தில் சிறைக்குப் போன அஞ்சலை அம்மாள் எங்கள் ஊர்க்காரர் என்று பெருமையாகச் சொல்லிக்கொள்வோம். அதற்கு மேல் அரசியல் பரம்பரை எனக்குக் கிடையாது.

நோட்டீஸில் "நியாயம்" என்று பெரிதாகப் போட்டிருக்கிறீர்கள். அப்படி என்றால் என்ன?

வரிசை.

ஒரு சம்பவம் சொல்கிறேன். அப்பா இறந்தபின் ஒரு காகிதத்துக்காக ஓர் அலுவலகத்துக்குப் போனேன். எந்த அலுவலகம் என்பது வேண்டாம், அங்கே வேலை செய்யும் நல்லவர்களும் இதைப் படிப்பார்கள். காலை ஒன்பதரைக்கு டோக்கன் வாங்கினேன், 14-ஆம் நம்பர். பதினொரு மணி சுமாருக்கு ஒருவர் வந்தார், பக்கவாட்டுக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனார், ஒரு டீ குடிக்கும் நேரத்தில் கையில் கவரோடு வெளியே வந்தார். எனக்கு முன்னால் உட்கார்ந்திருந்த பாட்டி என் முகத்தைப் பார்த்துவிட்டு, "அவங்களுக்கு அந்தக் கதவும்மா, நமக்கு இந்தக் கதவு" என்றார். குரலில் கோபமே இல்லை. மழை பெய்யும் என்று சொல்வதுபோலச் சொன்னார். கதவைவிட அந்தக் குரல்தான் என்னை ரொம்ப நாள் தொந்தரவு செய்தது.

அதனால் நான் செய்ய நினைப்பது சின்ன காரியம். வார்டில் வரும் ஒவ்வொரு கோரிக்கையும், தெருவிளக்கோ சாக்கடை அடைப்போ குடிநீர் இணைப்போ, வந்த தேதிப்படி ஒரு நோட்டில் ஏறும். வாரா வாரம் அந்தப் பக்கத்தின் ஜெராக்ஸ் தெருமுனையில் ஒட்டப்படும். உங்கள் நம்பர் எங்கே நிற்கிறது, உங்களுக்கு முன்னால் யார், எது ஏன் தாமதம் என்று போகிறபோக்கில் பார்த்துக்கொள்ளலாம். கர்ப்பிணி, மாற்றுத்திறனாளி, நாளைக்குக் கடைசித் தேதி உள்ள மாணவர் என்றால் முன்னால் விடுவேன். யாரை, ஏன் விட்டேன் என்பதும் அதே பக்கத்தில் இருக்கும்.

வரிசை சரி. வரிசை எங்கே இருக்கிறது என்றே தெரியாதவர்கள்?

நல்ல கேள்வி. கல்லூரிக்குப் போகும் ஒரு பெண் கேட்டாள். இந்த ஊரில் பாதி அநியாயம் லஞ்சத்தால் வருகிறது என்றால், மீதிப் பாதி சேதி போய்ச் சேராததால் வருகிறது.

அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு 2020-ல் வந்தது, அடுத்த ஆண்டு பொறியியலுக்கும் வந்தது. ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை முழுக்க அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். என் கடைக்கு ஓர் அப்பா வந்தார், லோடு ஆட்டோ ஓட்டுகிறவர். மகளை நன்றாகப் படிக்க வைக்க வேண்டும் என்று கடன் வாங்கி ஒன்பதாம் வகுப்பில் தனியார் பள்ளியில் சேர்த்தார். கட்டணம் கட்ட முடியாமல் பதினொன்றில் மறுபடி அரசுப் பள்ளிக்கே கொண்டுவந்துவிட்டார். நடுவில் அந்த இரண்டு வருடம். கம்ப்யூட்டரில் படிப்பு விவரத்தை நிரப்பிக்கொண்டே வந்த நான், அந்த இரண்டு கட்டத்தில் கையை எடுத்துவிட்டேன். "ஏம்மா நிறுத்திட்டீங்க?" என்றார்.

ஐந்தாம் வகுப்பு முடியும்போதே அவருக்கு யாராவது இதைச் சொல்லியிருக்க வேண்டும். முதல் பட்டதாரி சான்று, புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் மாதம் 1,000 ரூபாய் யாருக்கு, என்ன தாள் வேண்டும், இவையெல்லாம் வீடு வீடாகப் போக வேண்டிய சேதிகள். ஏப்ரல் மாதமே ஒரு பக்க நோட்டீஸ் அடித்து, ஐந்தாம் வகுப்பு, பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் இருக்கும் வீடுகளுக்கு நானே கொண்டுபோய்க் கொடுப்பேன். மிஷின் என்னுடையது, செலவு தாள் மட்டும்தான்.

ஒரு கவுன்சிலரால் என்ன கிழிக்க முடியும்?

கிழிக்க நிறைய இல்லை, ஒத்துக்கொள்கிறேன். கடலூர் 1866-லேயே நகராட்சியான ஊர், 2021-ல் மாநகராட்சி ஆனது. 45 வார்டு, 45 கவுன்சிலர். மேயரை நீங்கள் நேரடியாகத் தேர்ந்தெடுப்பதில்லை, கவுன்சிலர்கள்தான் தேர்ந்தெடுக்கிறார்கள். போலீஸ், டாஸ்மாக், தாலுகா ஆபீஸ், ரேஷன் கடை எதுவும் கவுன்சிலர் கையில் இல்லை. இவற்றைச் சரிசெய்கிறேன் என்று ஒரு வார்டு வேட்பாளர் மேடையில் சொன்னால் கைதட்டிவிட்டு வீட்டுக்குப் போங்கள்.

கையில் இருப்பது: தெருவிளக்கு, குடிநீர், குப்பை, மழைநீர் வடிகால், பூங்கா, விளையாட்டுத் திடல், மாநகராட்சிக் கட்டடங்கள், கூட்டத்தில் எழுந்து கேள்வி கேட்கும் உரிமை. அப்புறம், பலருக்குத் தெரியாத ஒன்று: வார்டு குழுவும் பகுதி சபையும். கிராமத்தில் கிராம சபை இருக்கிற மாதிரி நகரத்துக்கு இது. விதிகள் 2022-ல் வந்தன, அந்த ஆண்டு நவம்பர் 1-ல் தமிழ்நாட்டு நகரங்களில் பகுதி சபை கூடியது. உங்கள் தெருவில் கூடியதா என்று எனக்குச் சொல்லுங்கள். நான் கேட்ட பத்துப் பேரில் எட்டுப் பேர் அப்படி ஒன்று இருப்பதையே என்னிடம்தான் முதலில் கேள்விப்பட்டார்கள்.

பகுதி சபையில் பதினெட்டு வயதுப் பிள்ளையும் ஐம்பது வயதுக்காரர் மாதிரியே எழுந்து பேசலாம். அதைச் சாயங்கால நேரத்தில், பிள்ளைகள் வரக்கூடிய இடத்தில் வைப்பேன்.

இளைஞர் நலம் என்றால் கிரிக்கெட் கிட் கொடுப்பதுதானே?

தேர்தல் வந்தால் பேட்டும் ஜெர்சியும் வருகிறது, ஆடுவதற்கு இடம் வருவதில்லை. போன தடவை கொடுத்த பேட் எங்கள் தெருவில் துணி துவைக்கத்தான் உதவுகிறது.

எங்கள் வார்டில் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் ஒரு காலி இடம் இருக்கிறது. பையன்கள் இரண்டு கம்பு நட்டு வலை கட்டி வாலிபால் ஆடுகிறார்கள். ஒரு நாள் கடையை அடைத்துவிட்டு ஏழு மணிக்கு அந்தப் பக்கம் வந்தேன். இருட்டு. நான்கு பேர் நான்கு மூலையில் செல்போன் டார்ச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள், மீதிப் பேர் ஆடுகிறார்கள். பத்துப் பாயின்டுக்கு ஒருமுறை டார்ச் பிடிப்பவர்கள் மாறிக்கொள்கிறார்கள். விளக்குக் கம்பம் அங்கேயே நிற்கிறது, மேலே பல்பு இல்லை, கீழே பெட்டியின் கதவு கழன்று ஒயர் வெளியே தொங்குகிறது. மழைக்காலத்தில் அதைத் தொட்டால் என்ன ஆகும் என்று நினைத்தாலே பயம்.

சாயங்காலம் ஐந்திலிருந்து இரவு ஒன்பது வரை ஒரு பிள்ளை எங்கே இருக்கிறது என்பதுதான் இளைஞர் நலம் என்று நான் நினைக்கிறேன். அண்ணா விளையாட்டரங்கம் இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது, நல்லது. ஆனால் தினமும் பஸ் ஏறிப் போய் விளையாட எத்தனை வீட்டில் காசும் நேரமும் இருக்கிறது? நடந்து போகும் தூரத்தில், வெளிச்சத்தோடு, குடிக்கத் தண்ணீரோடு ஓர் இடம் வேண்டும். முதல் வருடத்தில் எனக்கு இந்த ஒரு வேலைதான். மாநகராட்சியில் நிதி இல்லை என்றால் நமக்கு நாமே திட்டம் இருக்கிறது. மூன்றில் ஒரு பங்கு மக்கள் தரப்பிலிருந்து, மீதி அரசிடமிருந்து. நம் பங்கைத் திரட்ட நோட்டும் ரசீதும் எடுத்துக்கொண்டு நானே வருவேன், கதவைச் சாத்தாதீர்கள்.

பெண் பிள்ளைகளுக்கு?

மேலே எழுதியதில் "பையன்கள்" என்றே வந்திருக்கிறது, பார்த்தீர்களா? அந்த வலைப்பக்கம் ஒரு பெண் பிள்ளையைக்கூட நான் பார்த்ததில்லை. கேட்டால், "அவங்க விடமாட்டாங்க, அக்கா" என்கிறார்கள். பையன்களைக் கேட்டால், "அவங்க வரமாட்டாங்க" என்கிறார்கள்.

பேசிப் பார்த்ததில் தெரிந்த தடைகள் ரொம்பச் சாதாரணம். கழிப்பறை இல்லை. ஆறு மணிக்கு மேல் வீட்டில் விடுவதில்லை. ஓரத்தில் பைக்கில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பவர்கள். ஆக, திடலில் பூட்டுச் சாவியோடு ஒரு கழிப்பறை, வாரத்தில் மூன்று நாள் ஐந்திலிருந்து ஆறரை வரை பெண் பிள்ளைகளுக்கு மட்டும் என்று எழுதிய போர்டு, அந்த நேரத்தில் சுற்றி உட்கார நான்கைந்து அம்மாக்கள். அம்மாக்கள் வரத் தயார். கீரை ஆய்ந்துகொண்டே உட்கார்ந்திருப்போம் என்று ஒருவர் சொல்லிவிட்டார்.

கஞ்சா, குடி எல்லாம் பெருகிவிட்டதே, அதற்கு என்ன வழி?

நம் ஊருக்கென்று ஒரு சிக்கல் இருக்கிறது, அதிலிருந்து ஆரம்பிக்கிறேன். ஆல்பேட்டை செக்போஸ்ட்டைத் தாண்டிப் பாலம் ஏறி இறங்கினால், கொஞ்ச தூரத்தில் முள்ளோடை, புதுச்சேரி எல்லை. தமிழ்நாட்டில் மது வாங்க 21 வயதாக வேண்டும், அங்கே 18 போதும், விலையும் குறைவு. பன்னிரண்டாம் வகுப்பு முடித்த பையனுக்கு இருபது நிமிட பைக் பயணம். இதைக் கடலூர் கவுன்சிலர் ஒருவர் ஒழித்துவிடுவேன் என்றால் பொய்.

என்னால் ஆகக்கூடியது இருட்டு மூலைகளைக் குறைப்பது. எந்தெந்தச் சந்தில் சாயங்காலம் என்ன நடக்கிறது என்று தெருவில் எல்லோருக்கும் தெரியும், அந்தச் சந்துகளுக்கு முதலில் விளக்கு. சிக்கிக்கொண்ட பிள்ளையை நான் போலீஸில் மாட்டிவிடப் போவதில்லை, அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப்போவேன். விற்கிறவர் விஷயம் வேறு, அதற்குப் புகார் எழுதிக் கொடுப்பேன். எத்தனையோ புகார் எழுதிக் கொடுத்த கை இது.

பிள்ளைகளின் மனநிலை பற்றி எந்த வேட்பாளரும் பேசுவதில்லை. நீங்கள்?

ரிசல்ட் நாளன்று என் கடை சீக்கிரமே திறந்திருக்கும். போனில் பார்த்த பிறகும் அப்பா அம்மாவுக்குக் காட்ட பிரிண்ட் எடுக்க வருவார்கள். இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு பையன் வந்தான். பிரிண்ட் வெளியே வந்ததும் தாளை அப்படியே கவிழ்த்து வைத்துவிட்டுக் காசை எடுத்து நீட்டினான். மீதிச் சில்லறையை வாங்காமல் கிளம்பிவிட்டான். ஏதோ தோன்றி, கடையை அப்படியே விட்டுவிட்டுப் பின்னால் போய்க் கூப்பிட்டேன். சில்லறை கொடுக்கிற சாக்கில் உட்கார வைத்து, ஒரு டீ வாங்கிக் கொடுத்து, துணைத்தேர்வு எப்போது, எப்படி விண்ணப்பிப்பது என்று பேசினேன். இரண்டு பாடம்தான். ஒரு மாதத்தில் எழுதி, அதே வருடம் கல்லூரியில் சேர்ந்துவிட்டான். இப்போது பெரியார் கலைக் கல்லூரியில் படிக்கிறான், ரெக்கார்டு நோட்டுக்கு அட்டை போட வருவான்.

எல்லோரையும் நான் பின்னால் போய்க் கூப்பிட முடியாது. ரிசல்ட் நாளிலும் அடுத்த மூன்று நாளும் வார்டில் நாலைந்து பேர் உட்கார்ந்திருக்க வேண்டும். மார்க் என்ன என்று கேட்காமல், அடுத்து என்ன என்று பேசத் தெரிந்தவர்கள். நாளெல்லாம் கூப்பிடக்கூடிய நம்பர் இருக்கிறது: மனநல உதவிக்கு டெலி மானஸ் 14416, இலவசம், தமிழில் பேசலாம். 104-ம் உண்டு. பதினெட்டு வயதுக்கு உட்பட்ட பிள்ளைக்கு ஆபத்து என்றால் 1098. இந்த மூன்று நம்பரையும் என் கடையில் லேமினேட் செய்து தருகிறேன், காசு வேண்டாம். ஓட்டுக்காக என்று நினைத்தால் தேர்தல் முடிந்தபிறகு வந்து வாங்கிக்கொள்ளுங்கள்.

"மனசு சரியில்லை" என்று ஒரு பிள்ளை சொன்னால் "சாப்பிட்டுத் தூங்கு, சரியாயிடும்" என்று சொல்வது நம் வீடுகளில் வழக்கம். நானும் சொல்லியிருக்கிறேன். இரண்டு வாரமாகத் தூங்கவில்லை, சாப்பிடவில்லை, யாரோடும் பேசவில்லை என்றால் டாக்டரிடம் கூட்டிப்போங்கள். காய்ச்சலுக்குப் போகிற மாதிரிதான்.

சிப்காட்டில் வேலை வாங்கித் தருவீர்களா?

மாட்டேன். முடியாது. வாங்கித் தருகிறேன் என்று யார் பணம் கேட்டாலும் கொடுக்காதீர்கள்.

வெளிநாட்டு வேலைக்கும் இதையேதான் சொல்வேன். பாஸ்போர்ட் காப்பி எடுக்க வரும் பையன்களிடம் ஏஜென்டின் பெயரைக் கேட்பேன். பதிவு பெற்ற ஏஜென்டா என்று மத்திய அரசின் இ-மைகிரேட் தளத்தில் பார்த்துவிடலாம், இரண்டு நிமிட வேலை. பட்டியலில் பெயர் இல்லாதவரிடம் ஒரு லட்சம் கட்டிவிட்டு என் கடையில் உட்கார்ந்து அழுதவர்கள் உண்டு. வேட்பாளராக நான் தரும் வாக்குறுதி, இரவு ஒன்பது வரை திறந்திருக்கும் ஒரு படிப்பகம். டி.என்.பி.எஸ்.சி. எழுதுகிறவர்களுக்கு ஒரு மேஜை, ஒரு ஃபேன், அமைதி. பத்துக்குப் பத்து அறையில் ஐந்து பேர் இருக்கும் வீட்டில் எப்படிப் படிப்பார்கள்?

உங்கள் சாதிக்காரர்கள் ஓட்டு உங்களுக்குத்தானே விழும்?

இதைக் கேட்காத ஆள் குறைவு. சிலர் நேராகக் கேட்காமல் "அப்பா எந்தத் தெரு?" என்று சுற்றி வருகிறார்கள். தெருவைச் சொல்லிவிட்டுப் பேச்சை மாற்றிவிடுகிறேன்.

பிள்ளைகள் விஷயத்தில் மட்டும் இதைச் சொல்ல வேண்டும். பள்ளிப் பையன்கள் கையில் கலர் கயிறு கட்டிக்கொண்டு வருகிறார்கள், எந்தக் கலர் யாருக்கு என்று அவர்களுக்குள் கணக்கு இருக்கிறது. 2023-ல் நாங்குநேரியில் ஒரு பள்ளி மாணவனைச் சாதி வெறியில் சக மாணவர்களே வீடு புகுந்து வெட்டிய சம்பவத்துக்குப் பிறகு அரசு அமைத்த நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் கொடுத்த அறிக்கையில், பள்ளியில் இந்தக் கயிறுகளைத் தடுக்க வேண்டும் என்று இருக்கிறது. அது தெற்கத்திச் சமாச்சாரம், நமக்கு இல்லை என்று சொல்லிக்கொண்டிருந்தோம். கடைக் கவுன்ட்டரில் நீளும் கைகளைத் தினமும் பார்க்கிறேன். நமக்கும் இருக்கிறது. திடலில் டீம் பிரிக்கும்போது தெரு வாரியாகப் பிரிக்க மாட்டோம், சீட்டு குலுக்கிப் போடுவோம்.

ஓட்டுக்கு எவ்வளவு தருவீர்கள்?

ஒரு பைசா இல்லை. கொடுப்பதும் வாங்குவதும் ஓராண்டு வரை சிறைக்குரிய குற்றம் என்பது ஒரு பக்கம். என்னிடம் இல்லை என்பது இன்னொரு பக்கம். 2022-ல் மாநகராட்சி வார்டுக்கு டெபாசிட் 4,000 ரூபாய், பட்டியல் சாதி, பழங்குடி வேட்பாளர்களுக்கு 2,000. அந்த மாதிரித் தொகையைச் சீட்டுப் பணத்திலிருந்து எடுத்து வைத்திருக்கிறேன்.

அப்போ உங்களுக்கு என்ன லாபம்?

2023 ஜூலையிலிருந்து மாநகராட்சிக் கவுன்சிலருக்கு மாத மதிப்பூதியம் 10,000 ரூபாய். கடை வருமானம் குறையும், அது ஈடுகட்டும். இதற்கு மேல் என் வீட்டில் ஏதாவது புதிதாக வந்தால், ஃப்ரிட்ஜாக இருந்தாலும் சரி, வந்து கேளுங்கள்.

வெள்ளம் வந்தால் வருவீர்களா? பத்திரிகைக்குப் போஸ் கொடுத்துவிட்டுப் போய்விடுவீர்களா?

2004 சுனாமி, 2011 டிசம்பர் 30 விடியலில் தானே புயல், 2015 வெள்ளம், 2024-ல் ஃபெஞ்சல் புயலோடு பெருகிவந்த தென்பெண்ணை. கடலூரில் வளர்ந்த பிள்ளை ஒவ்வொன்றும் தன் வயதை வைத்து இவற்றை எண்ணும்.

2015-ல் தண்ணீர் வடிந்த பிறகு என் கடைக்கு வந்தவர்களை மறக்க முடியாது. பிளாஸ்டிக் பையில் ஈரக் கட்டாக மார்க் ஷீட்டுகள். ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, மை பரவி, சேற்று வாடையோடு. நானும் என் அம்மாவும் கடைத் தரையில் வெள்ளைத் துணி விரித்து ஒவ்வொன்றாகப் பிரித்து வைத்தோம். ஃபேன் காற்றில் பாதி காய்ந்ததும் மேலே ஒரு துணி போட்டு, இஸ்திரிப் பெட்டியை ரொம்பக் குறைந்த சூட்டில் வைத்து அழுத்தினோம். லேமினேட் செய்தவைதான் மோசம், உள்ளே தண்ணீர் புகுந்தால் பிரிக்கவே முடியாது, கூடவே எழுத்தும் வந்துவிடும். அன்றிலிருந்து ஒரிஜினலை லேமினேட் செய்ய வந்தால் வேண்டாம் என்று திருப்பி அனுப்பிவிடுகிறேன். வியாபாரம்தான் நஷ்டம்.

ஒவ்வொரு செப்டம்பரிலும், மழைக்கு முன்னால், வார்டில் எல்லாப் பிள்ளைகளின் சான்றிதழையும் ஸ்கேன் செய்து டிஜிலாக்கரிலோ மெயிலிலோ அவர்கள் பெயரிலேயே ஏற்றிக்கொடுக்கும் முகாம் நடத்துவேன். வடிகால் தூர்வாரும் வேலையையும் அதே மாதத்துக்குள் முடிக்கக் கேட்பேன். நவம்பரில் தூர்வாரினால் ஃபோட்டோவுக்குத்தான் நன்றாக இருக்கும்.

நீங்கள் ஜெயிக்க வாய்ப்பே இல்லையே?

இருக்கலாம். அடுத்த கேள்வி.

தோற்றால் இதெல்லாம் என்ன ஆகும்?

சான்றிதழ் முகாமுக்கும் ஏப்ரல் நோட்டீஸுக்கும் பதவி வேண்டியதில்லை, அவை நடக்கும். விளக்கும் கழிப்பறையும் கவுன்சிலர் கையெழுத்து இல்லாமல் நடக்காது. ஜெயித்தவரிடம் மனுவாகக் கொண்டுபோவேன். அவருக்கு ஒன்று, கமிஷனருக்கு ஒன்று, என் ஃபைலுக்கு ஒன்று. ஒப்புகைச் சீட்டு வாங்காமல் வரமாட்டேன். பதில் வரவில்லை என்றால் தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டிக் கேட்கலாம்.

உங்களை எங்கே வந்து பார்ப்பது?

கடையில்தான். காலை ஒன்பதிலிருந்து இரவு எட்டு வரை. மதியம் இரண்டிலிருந்து மூன்று வரை சாப்பாடு, ஷட்டர் பாதி இறங்கியிருக்கும், குனிந்து கூப்பிட்டால் வருவேன். கேள்வியோடு வருகிறவர்கள், மிஷினில் தாள் ஓடிக்கொண்டிருந்தால் ஒரு நிமிடம் பொறுத்துக்கொள்ளுங்கள், உங்களுக்கு முன்னால் ஒருவர் நிற்கிறார்.